பதியம் போட்ட சதை

அண்ணன் மரத்திலிருந்து விழுந்தது 2015இல். தேயிலைக்கு நிழல் கொடுக்கிற மரத்தில் கொப்பு வெட்ட ஏறினான். மழை ஈரம், கால் வழுக்கிவிட்டது. யார் வந்தாலும் அந்தக் கதையைத்தான் கேட்பார்கள். எந்த மரம், எத்தனை அடி, கீழே யார் நின்றது என்று. நான் இப்போது எழுத வந்தது அதற்குப் பிறகு, அவன் உட்காரும் இடத்தில் வந்த ஒரு புண்ணைப் பற்றி. அதை யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. பிட்டத்தில் புண் என்று கணக்கப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "உடம்பு கொஞ்சம் சரியில்லைங்க" என்போம். இந்தக் கூச்சத்திலேயே முதல் ஒரு மாதம் போய்விட்டது.

விழுந்ததில் தண்டுவடம் அடிபட்டு, அண்ணனுக்குத் தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. கொழும்புக்குப் பக்கத்தில், ராகம மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் சில மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அங்கே எல்லாம் சொல்லித்தான் அனுப்பினார்கள். படுத்திருந்தால் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், உட்கார்ந்திருந்தால் அடிக்கடி எடையைத் தூக்கிவிட வேண்டும், தினமும் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்க்க வேண்டும். நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் அதைச் சொன்ன இடத்தில் தரை மட்டமாக இருந்தது, கட்டில் உயரம் சரியாக இருந்தது, கதவு அகலமாக இருந்தது. எங்களுடையது லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு அறை. பின்னால் நாங்களாக இறக்கிய குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, இஸ்தோப்பிலிருந்து பாதைக்கு எட்டுக் கல் படி. தானமாக வந்த சக்கர நாற்காலி இரண்டு வருடம் சுவரோரம் மடித்தபடியே இருந்தது, அதன் மேல் அம்மா வேலைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கைக் காயப்போட்டாள்.

அவன் உட்கார்ந்தது பலகை நாற்காலியில், கம்பளியை மடித்துப் போட்டு. காலையில் அம்மா வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவாள், நான் கடை வேலைக்கு டவுனுக்குப் போவேன். திரும்பி வரும் வரை அவன் இஸ்தோப்பில் அப்படியே இருப்பான். மலையைப் பார்த்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு.

2018 ஆடி மாதம் இடது பக்கம் சிவப்பாக ஒரு வட்டம் கண்டோம். பழைய ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. அதுதான் முதல் அடையாளம் என்று கொப்பியில் இருக்கிறது, என் கையெழுத்தில். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம், வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே ஏற்கனவே சேதம். நான் அதை வாசித்தேன். பக்கத்துக் காம்பரா பெரியம்மா நல்லெண்ணெய் கொண்டு வந்து நன்றாகத் தேய்த்துவிட்டார். பாவம், அன்பாகத்தான். ஆனால் நசுங்கிப்போன தசையைத் தேய்ப்பது அதை இன்னும் கிழிக்கும். யாரோ ஒரு ரப்பர் வளையம் வாங்கிக் கொடுத்தார்கள், நடுவில் ஓட்டை உள்ளது. அதில் உட்கார்ந்தால் புண் தரையில் படாது என்று நாங்களும் நம்பினோம். அந்த வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவுக்கு வருகிற இரத்தத்தை நெரித்துவிடும் என்று பிறகு ஒரு டொக்டர் திட்டினார். இன்றைக்கும் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடு அந்த வளையத்தைத்தான் கொண்டு போகிறார்கள்.

தோல் உடைந்தது. ஆனால் ஓட்டை சின்னது, சுண்டு விரல் நுனி போகும் அளவுதான். டிஸ்பென்சரியில் மருந்து கட்டினோம். காய்வது மாதிரி இருக்கும், திரும்ப நனையும். வெயில் இல்லாத மாதம், துணி காயாது, சீலை மெத்தை எல்லாமே ஈரம். அப்புறம் ஒரு மணம் வந்தது. அதை நான் விவரிக்க மாட்டேன். டவுனில் ஒரு டொக்டரிடம் கொண்டு போனோம். அவர் கையுறை போட்டுக்கொண்டு நீளமான பஞ்சுக் குச்சியை அந்தச் சின்ன ஓட்டையில் விட்டார். குச்சி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் "டொக்" என்று எதிலோ தட்டியது. அண்ணன் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டியது எலும்பு.

இந்தப் புண்ணின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நாம் உட்காரும்போது உடம்பின் பாரம் முழுக்க இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. எலும்புக்கும் பலகைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. மெல்லிய இரத்தக் குழாய்களுக்குள் இருக்கிற அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம்தான் என்று 1930இலேயே அளந்து வைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து அதை விட அழுத்தினால் குழாய் மூடத் தொடங்கும். கட்டைப் பலகையில் உட்கார்ந்தால் அந்த எலும்பு முனைக்குக் கீழே 100ஐத் தாண்டும். உங்களுக்கும் எனக்கும் கூடத் தாண்டும். ஆனால் நமக்கு மரத்துப்போகும், நாம் அறியாமலே நெளிவோம். அவனுக்கு அந்தச் செய்தி மேலே வருவதில்லை, அதனால் நெளிவும் இல்லை. இதில் அழுத்தம் அதிகம் எலும்பை ஒட்டித்தான். தோலை விடத் தசைதான் முதலில் சாகும். அதனால் வெளியே பொட்டு மாதிரித் தெரியும்போது உள்ளே எலி வளை மாதிரிக் குடைந்திருக்கும். நாங்கள் இரண்டு மாதம் மருந்து கட்டியது வளையின் வாசலுக்கு.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் வெட்டித் தைத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். கட்டில் கிடைத்தது, ஆபரேஷன் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி டொக்டர் நோய்க் குறிப்பு எழுதிய டிக்கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் இரத்தம் ஏற வேண்டும் என்றார். ஹீமோகுளோபின் 8 சொச்சம். இரத்தத்தில் புரதமும் குறைவு. அந்த ஓட்டை வழியாகத் தினமும் உடம்புப் புரதம்தான் வடிந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் தைத்தால் தையல் பிடிக்காது, பிரிந்துவிடும் என்றார். எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.25இலிருந்து 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். அண்ணன் அப்போது 52 கிலோ. நான் கணக்குப் போட்டேன், 65இலிருந்து 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் சொச்சம்தான் இருக்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும், பகலுக்குச் சோறும் ஒரு கீரையும் என்று ஓடுகிற வீட்டில் 78 கிராம் எங்கிருந்து வரும்? நெத்தலி, பருப்பு, கௌபி, சோயாமீட், முட்டை என்று அம்மா மாற்றி மாற்றிப் போட்டாள். சிகரெட்டை நிறுத்தச் சொன்னார்கள், அவன் நிறுத்தவே மாட்டான் என்று நினைத்தேன், நிறுத்திவிட்டான். கால்கள் தானாக வெட்டி வெட்டி இழுக்கும், அதற்கு பாக்லோஃபென் மாத்திரையைக் கூட்டினார்கள். இழுக்கிற கால் ஒரே இரவில் தையலைப் பிய்த்துவிடுமாம். எலும்பில் கிருமி இருக்கிறதா என்று வேறு பார்த்தார்கள். இப்படியே மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்தில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். கழுத்து மட்டத்தில் அடி. அவன் புண்ணுக்கு மருந்து கட்டும்போதெல்லாம் நெற்றி வியர்த்துக் கொட்டும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்பான், பிரஷர் ஏறிவிடும். புண் இருக்கும் இடத்தில் உணர்வே இல்லாதவனுக்கு இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். நெஞ்சின் நடு மட்டத்துக்கு மேலே தண்டுவடம் அறுந்தவர்களுக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் மூளைக்குச் செய்தி போகாவிட்டாலும் உடம்பு தானாகத் துள்ளிவிடுமாம், சிறுநீர் டியூப் அடைத்தால் கூட வருமாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாம். அதனால்தான் "உணர்வே இல்லையே, மயக்க மருந்து எதற்கு" என்று கேட்கக்கூடாது.

இரவுகளில் நான் போனில் இதைப் பற்றியே வாசித்துக்கொண்டிருப்பேன். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஷார்க்கோ என்று ஒரு பெரிய நரம்பு டொக்டர், தண்டுவடம் கெட்டால் இந்தப் புண் வந்தே தீரும், நரம்பு செத்ததால் சதையும் சாகிறது என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பே, 1850களில், பிரௌன் செகார் என்கிறவர், மொரிஷியஸில் பிறந்தவர், அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் புண் வராது என்று விலங்குகளில் காட்டியிருந்தார். ஆனால் பெரிய டொக்டர் ஷார்க்கோவின் பேச்சுத்தான் நிலைத்தது. பல பத்தாண்டுகள், முதுகு ஒடிந்தவர்களைப் புண் வந்து சாக விட்டார்கள். 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டொக்டர், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர், இரவு பகல் பாராமல் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆட்களைப் புரட்ட வைத்தார். புண்கள் ஆறின. 1948இல் அதே ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார், அதுதான் பாராலிம்பிக்காக வளர்ந்தது. என் கொப்பியில் இருந்த "2 மணித்தியாலம்" எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, பணம் இருந்தால் தப்பலாமா என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 2004இல் இறந்தபோது இதே மாதிரி ஒரு புண்ணில் வந்த தொற்றுக்குத்தான் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டொக்டர் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும். அண்ணனைக் குப்புறப் படுக்க வைத்து ஊதா மையால் கோடு போட்டார். புண்ணின் ஓரத்தில் தொடங்கி, பிட்டம் முழுக்கச் சுற்றி, இடுப்புப் பக்கம் வரை வளைத்து ஒரு பெரிய வில். புண் எவ்வளவு, கோடு எவ்வளவு! எனக்குப் பகீர் என்றது. இவ்வளவு வெட்டுவதற்கு வேறு எங்காவது தோலை எடுத்து அதில் ஒட்டிவிடலாமே என்று அம்மா கேட்டாள். தீக்காயத்துக்கு அப்படிச் செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். மிஸ் மொழிபெயர்க்க, டொக்டர் கட்டில் விரிப்பைக் கையால் இழுத்துக் காட்டினார். தோல் ஒட்டு என்பது மெல்லிய தோல் மட்டும். அதற்குச் சொந்த இரத்தம் இல்லை, ஒட்டிய இடத்திலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்க வேண்டும். எலும்பின் மேல் ஒட்டினால் பிழைக்காது, பிழைத்தாலும் அவன் உட்கார்ந்தால் தேய்ந்து போகும். அவர் செய்யப்போகிற பிளாப் என்பது தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசை, எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு பக்கம் உடம்போடு இணைந்தபடியே வைத்து, அந்த இணைப்பு வழியாக வருகிற இரத்தக் குழாயோடு சுழற்றிக் குழிக்குள் கொண்டு வருவது.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பத்து வருடம் தேயிலைக் கன்று வளர்க்கிற நர்சரியில் வேலை செய்தவள். ஒற்றை இலையோடு கொப்பை நறுக்கிப் பையில் ஊன்றி, நிழல் கட்டி, வேர் பிடிக்கிறதா சாகிறதா என்று மாதக் கணக்கில் காத்திருப்பவள். அந்தக் கன்றைத் தோட்டத்தில் வீப்பீ என்பார்கள். "அப்ப தோலு ஒட்டுறது வீப்பீ கன்னு மாதிரி, இது பதியம் போடுற மாதிரிதானுங்களே ஐயா" என்றாள். "தாய் மரத்துல இருந்து அறுக்காம, கொப்ப வளைச்சு மண்ணுக்குள்ள வச்சிர்றது." பதியம் என்றால் என்னவென்று டொக்டருக்குத் தெரியவில்லை. மிஸ் கையை வளைத்து வளைத்துச் சிங்களத்தில் விளக்கினாள். அவர் சிரித்துவிட்டு "ஹரி அம்மா, ஹரி" என்றார், சரிதான் என்று. எனக்கு எவ்வளவோ வாசித்தும் வராத தெளிவு அந்த ஒரு வார்த்தையில் வந்தது.

உள்ளே நடந்ததை டொக்டர் பிறகு சொன்னார். முதலில் வளைக்குள் நீல மருந்தை ஊற்றுகிறார்கள், நீலம் படிந்த பையை முழுதாகச் சுரண்டி எடுத்தால்தான் ஒரு மூலையும் மிஞ்சாது. பிறகு துருத்தி நிற்கிற எலும்பு முனையைக் கொஞ்சம் சீவுகிறார்கள். முழுதாக எடுத்துவிட்டால் பாரம் மற்றப் பக்கத்துக்குப் போய் அங்கே புண் வரும், அதனால் கொஞ்சம் மட்டும். அப்புறம் பிளாப்பைச் சுழற்றிக் குழியை நிரப்பி, தையல் கோடு எலும்பின் மேல் வராமல் தள்ளி வைத்து, உள்ளே தேங்குகிற நீரை உறிஞ்ச டியூப் வைத்து மூடுகிறார்கள். ஆறிய பிறகு பார்த்தால் அந்தத் தழும்பு அச்சு அசல் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அவன் உட்காரவே இல்லை. குப்புறவும் பக்கவாட்டிலும்தான். குப்புறப் படுத்தே சாப்பிட்டான், குப்புறப் படுத்தே சண்டை போட்டான். பிறகு உட்காரப் பழக்கினார்கள். முதல் நாள் 15 நிமிடம். இறக்கிப் படுக்க வைத்து, தழும்பைப் பார்த்து, சிவப்பு அரை மணியில் மறைந்தால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம். மறையாவிட்டால் நிறுத்த வேண்டும். மூன்று மணித்தியால வேலை டொக்டருடையது, மிச்சம் எங்களுடையது என்று மிஸ் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஊரே பார்க்க வந்தது. சுகமாகிவிட்டது, இனிப் பிரச்சினை இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மூன்றாவது மாதம் மாரியம்மன் கோவில் திருவிழா. விழுந்ததிலிருந்து அண்ணன் திருவிழா பார்க்கவில்லை. நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு பையன்கள் படியில் தூக்கி இறக்கினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவில் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவன், கரகம், காவடி எல்லாம் முடிந்து இரவு இரண்டு மணிக்குத்தான் எழுந்தான். எழுந்தான் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், தூக்கினோம். எட்டு மணித்தியாலம். தப்புமேளம் அடிக்கும்போது மேல் உடம்பை ஆட்டி ஆட்டி ரசித்தான். எலும்பு உள்ளே அசைய, தோல் நாற்காலியில் ஒட்டியபடியே நின்றிருக்கும். நேர் அழுத்தத்தோடு இந்த இழுபறியும் சேர்ந்தால் குழாய்கள் இன்னும் சுலபமாக முறுக்கி அடைபடும். காலையில் கண்ணாடி பிடித்தேன். தழும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. அழுத்தினேன். வெளுக்கவில்லை. மூன்றாம் நாள் கொப்புளம், மூன்றாம் கிழமை திரும்ப ஓட்டை.

அதே டொக்டரிடம் போக எனக்கு முகம் இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பழைய தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "முதல்ல பெரிசா வெட்டினது இதுக்குத்தான்" என்றார். கோட்டைப் பெரிதாகப் போட்டால் அதே பிளாப்பை அதே வழியாகத் திறந்து இன்னும் கொஞ்சம் சுழற்றி நகர்த்தலாம். சின்னதாகப் போட்டிருந்தால் சதை முடிந்திருக்கும், அடுத்த தடவைக்குத் தொடையிலிருந்து எடுக்க வேண்டும், அதற்கு அடுத்த தடவைக்கு எடுக்க இடம் இருக்காது. ஒரு மனிதனுக்கு இருப்பது இரண்டு பிட்டமும் இரண்டு தொடையும்தான். முதல் நாள் ஊதா மையால் அந்தப் பெரிய வில்லை வரையும்போதே அவர் இரண்டாவது தடவையை நினைத்திருக்கிறார். நான் ஊருக்கெல்லாம் சுகமாகிவிட்டது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வராதது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இது திரும்பி வரக்கூடியது என்பதை அவர் முதலிலேயே சொல்லியிருந்தாராம். அம்மா ஞாபகம் வைத்திருந்தாள். என் கொப்பியில் அது இல்லை.

2019இல் இரண்டாவது ஆபரேஷன். திரும்ப ஆறு கிழமை குப்புற. இந்தத் தடவை நான் வேலையை விட்டேன். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எரிச்சல் வரும். கடைச் சம்பளம் கண்டி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த பஸ் காசுக்கே சரியாக இருந்தது.

இஸ்தோப்புப் பக்கம் படியை உடைத்து, சித்தப்பா மகன் சீமெந்தில் ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுத்தான். கொஞ்சம் செங்குத்துத்தான், மலையில் அதற்கு மேல் முடியாது. தோட்டத்தில் அனுமதி கேட்டு இழுத்தடித்த கதை தனிக் கதை. சக்கர நாற்காலியிலிருந்து படங்கை எடுத்துவிட்டு டயருக்குக் காற்றடித்தோம். காற்று அறைகள் உள்ள ஒரு மெத்தையைக் கொழும்பில் பழையதாக வாங்கினோம், அது நாற்காலியை விட விலை. அதில் காற்றை நிறைய அடித்தால் கல் மாதிரி, குறைத்தால் எலும்பு தரையில் தட்டும். அவன் உட்கார்ந்த பிறகு நான் கையை அடியில் விட்டு அந்த எலும்பு முனையைத் தேடுவேன். முனைக்கும் நாற்காலிக்கும் நடுவே என் ஒரு விரல் போக வேண்டும், இரண்டு விரல் போனால் காற்று அதிகம். 2022 பொருளாதார நெருக்கடியில், டீசல் இல்லாமல் பஸ் ஓடாத மாதங்களில் கிளினிக்குக்குப் போக முடியவில்லை, கோஸ் துணி கூடக் கிடைக்கவில்லை. அந்த வருடம் முழுக்க எங்களிடம் இருந்தது இந்த விரலும் கண்ணாடியும்தான். அந்தத் தழும்பு அந்த வருடம் திறக்கவில்லை. வலது குதிகாலில் ஒன்று வந்தது, சின்னது, பார்த்த அன்றே காலைத் தூக்கி வைத்ததில் போய்விட்டது.

அண்ணன் போனில் 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறான். அடித்ததும் நெஞ்சு முழங்காலில் படும் வரை முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் இரத்தம் ஓடும். கையை ஊன்றி எம்புவதை விட இதுதான் நல்லது, எம்பினால் அரை நிமிடத்தில் தோள் நோகும். ஆனால் கதை சுவாரஸ்யத்தில் அவன் அலாரத்தை நிறுத்திவிட்டு அப்படியே இருந்துவிடுவான். இப்போது அது நடக்காது. லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து இஸ்தோப்புக்கு முன்னால்தான் விளையாடுகிறார்கள். அலாரச் சத்தம் கேட்டால் பந்தை விட்டுவிட்டு எல்லாமாகச் சேர்ந்து கத்துகின்றன: "மாமா, குனீங்க!" அவன் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே குனிகிறான். ஒன்று முதல் நூற்றிருபது வரை அவர்களே எண்ணுகிறார்கள். சின்னவன் ஒருவன் எழுபதுக்குப் பிறகு தொண்ணூறுக்குத் தாவுகிறான், அவனைத் திருத்தி எண்ண வைப்பதில் இரண்டு நிமிடம் மூன்று நிமிடமாகிவிடுகிறது.